வண்ணத்தையும் சுருக்கும் கருவி

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 11.23 மீட்டர். அதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடலில் அதே இறக்கை 156 மில்லிமீட்டர்தான், ஓரடி ஸ்கேலில் பாதியைச் சற்றே தாண்டும். தகடுகள் சேரும் கோடுகள், புகைபோக்கிக் குழல்கள், விமானியின் இருக்கை என எல்லாவற்றையும் அச்சு செய்பவர்கள் இதே கணக்கில் சுருக்கித் தந்துவிடுகிறார்கள். சுருங்காமல் நம் கைக்கு வருவது பெயின்ட் ஒன்றுதான். தூரிகையால் அடித்த பெயின்ட் காய்ந்த பிறகு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் நின்றால்கூட, உண்மை விமானத்தின் கணக்கில் அது 7.2 மில்லிமீட்டர். எந்தப் போர் விமானத்துக்கும் யாரும் அத்தனை தடிப்பாகப் பெயின்ட் பூசியதில்லை. அச்சில் அரும்பாடுபட்டுச் செதுக்கிய நுண்கோடுகள் அதில் தூர்ந்துபோகின்றன.

இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரத்திலும் இதே சிக்கல்தான். உண்மை விமானத்தில் ஸ்பிரே கன்னால் அடித்த பச்சையும் பழுப்பும் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒன்றில் ஒன்று மங்கிக் கலந்திருந்தால், 1/72 மாடலில் அந்த மங்கல் 0.7 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மிகத் தேர்ந்த கைக்கும் அதைத் தூரிகையால் கொண்டுவருவது பெரும்பாடு. ஸ்கேல் மாடல் செய்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஏர்பிரஷ் வாங்கியே தீர்வதற்குக் காரணம் இதுதான். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். பெயின்ட்டை நுண்ணிய துளிகளாக உடைத்து, நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் படியவைத்து, வண்ணத்தையும் மாடலின் அளவுக்குக் கொண்டுவருவதே இதன் வேலை.

தமிழ்நாட்டில் ஏர்பிரஷ் என்ற பெயர் பலருக்குக் கல்யாண மேக்கப் விளம்பரங்களில் அறிமுகமாகியிருக்கும். மணப்பெண்ணின் முகத்தில் ஃபவுண்டேஷனைப் பனிபோலத் தூவுவதும், பேக்கரியில் கேக்கின்மேல் நிறம் ஏற்றுவதும் இதே குடும்பத்துக் கருவிகள்தாம். இதன் பிறப்பும் முகங்களோடு தொடர்புடையதே. 1876-இல் அமெரிக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி, பெயின்ட்டைக் காற்றால் தூவும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உருவப்படங்களுக்கு நிறம் ஏற்றுவதற்காக அவர் செய்தது அது. பின்னாளில் தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து ஸ்டான்லி நீராவிக் கார்களைச் செய்தவரும் இவரே. அடுத்த சில ஆண்டுகளில் அயோவா மாநிலத்தின் ஆப்னர் பீலர் தனியாக ஒரு கருவியை உருவாக்கினார். அதன் உரிமையை வாங்கிய லிபர்ட்டி வாக்கப் அதைத் திருத்தி, இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் தயாரித்து விற்றார். இன்று நாம் பிடிக்கும் வடிவத்துக்கு மிக நெருங்கியது, 1890-களில் சார்லஸ் பர்டிக் என்ற ஓவியர் வடிவமைத்தது. பெயின்ட்டும் காற்றும் கருவியின் முனைக்குள்ளேயே கலக்கும்படி செய்தவர் அவர். புகைப்படங்களைத் திருத்துபவர்கள், விளம்பர ஓவியர்கள் ஆகியோரின் மேசையில் பல பத்தாண்டுகள் இருந்த பிறகே இது மாடல் செய்பவர்களின் மேசைக்கு வந்தது.

கருவி பார்க்க ஒரு தடித்த பேனா அளவு. உள்ளே நீளவாக்கில் ஓர் எஃகு ஊசி. முன்முனையில் நாசில் எனப்படும் சிறு கூம்பு. அதன் துளை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஊசி முன்னால் இருக்கும்போது துளையை அடைத்துக்கொள்கிறது. பின்னால் இழுத்தால், ஊசியின் சரிவுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே வளையமாக ஓர் இடுக்கு திறக்கிறது, அதன் வழியே பெயின்ட் வருகிறது. நாசிலைச் சுற்றி ஒரு மூடி, அந்த இடைவெளியில் கம்ப்ரஸரின் காற்று பாய்கிறது. பாயும் காற்று முனையருகே நிற்கும் காற்றையும் தன்னோடு இழுத்துப் போய்விடுவதால் அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கருவியோடு இணைந்த கிண்ணத்தில் இருக்கும் பெயின்ட்டின் தலைமேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. எனவே பெயின்ட் முனையை நோக்கி நகர்கிறது, வெளியே எட்டிப் பார்த்த கணமே காற்று அதைக் கிழித்துத் துளிகளாக்குகிறது. மூச்சிரைக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் நெபுலைசர் மருந்தை உடைப்பதும் இந்த முறையில்தான்.

துளியைச் சேர்த்துப் பிடிப்பது திரவத்தின் பரப்பு இழுவிசை, பிய்த்தெறிவது காற்றின் வேகம். இந்த இழுபறியில் பெயின்ட்டின் கெட்டித்தன்மையும் தலையிடுகிறது. கெட்டியான பெயின்ட் லேசில் உடையாது, பெரிய பெரிய துளிகளாகத் தெறிக்கும். மாடல் செய்பவர் திருத்தக்கூடியவை மூன்று: காற்றின் அழுத்தம், பெயின்ட்டின் நீர்ப்பு, முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள தூரம். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றியாக வேண்டும். முதல் சில வாரங்களின் தவிப்பு முழுவதும் இந்த மூன்றின் உறவு கைக்குப் பிடிபடும்வரைதான்.

மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது டபுள் ஆக்‌ஷன் வகை. மேலிருக்கும் விசையை அழுத்தினால் காற்று வரும், அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயின்ட். சொல்ல எளிது. ஆனால் விரலுக்கு இது புதிய பழக்கம். காற்றை முதலில் திறந்து, பிறகு பெயின்ட்டைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது பெயின்ட்டை முதலில் மூடி, காற்றைக் கடைசியில் விட வேண்டும். இந்த வரிசை மாறினால் முனையில் ஒரு சொட்டு தங்கிவிடும். அடுத்த முறை விசையை அழுத்தியதும் அந்தச் சொட்டு இறக்கையின் நடுவில் பொட்டாக விழும். பாஷ் நிறுவனத்தின் ‘எச்’ போன்ற சிங்கிள் ஆக்‌ஷன் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. விசை காற்றை மட்டுமே கட்டுப்படுத்தும், பெயின்ட்டின் அளவை முன்பக்கத்தில் திருகி வைத்துவிடலாம். ஒரே நிறத்தைச் சீராக அடிக்க அது நல்ல கருவி. ஆனால் அடித்துக்கொண்டே கோட்டை மெலிதாக்கவும் தடிமனாக்கவும் டபுள் ஆக்‌ஷன்தான் வேண்டும்.

முதல் ஏர்பிரஷ் வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டால், எந்த நாட்டில் இருந்தாலும் அனுபவம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. முதலில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார்கள், அருமையாக வருகிறது. பெயின்ட் ஊற்றுகிறார்கள், ஒன்றும் வருவதில்லை. விசையை முழுக்க இழுத்தால் திடீரெனத் தெறிக்கிறது. பயந்து, நீர்க்கவைக்கும் தின்னரை நிறைய ஊற்றினால், பெயின்ட் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் காற்றால் தள்ளப்பட்டு, நட்டநடுவிலிருந்து நாலாபக்கமும் கால்களாக ஓடுகிறது. மாடல்காரர்கள் இதைச் சிலந்தி என்பார்கள். அதற்குத் தப்பிக் கருவியைத் தள்ளிப் பிடித்தால், துளிகள் பாதிவழியிலேயே காய்ந்து மாடலின்மேல் தூசியாகப் படிகின்றன, தொட்டால் உப்புத்தாள்போலச் சொரசொரக்கிறது. இத்தனையும் ஒரே மாலையில் நடக்கும். கருவி மட்டம் என்ற முடிவுக்கு அன்றிரவே வந்துவிடுபவர்கள் அதிகம். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, பத்தில் எட்டு நேரம் குறை பெயின்ட்டின் நீர்ப்பில்தான் இருக்கிறது, கருவியை மாற்றுவதற்கு முன் கலவையை மாற்றிப் பாருங்கள்.

நீர்ப்புக்கு உலகமெங்கும் சொல்லப்படும் அளவு, பால் பதம். கிண்ணத்தின் உட்சுவரில் குச்சியால் பெயின்ட்டை இழுத்துவிட்டால், அது மெல்ல வழிந்து இறங்கி, பின்னால் ஒரு மெல்லிய நிறப்படலத்தை விட்டுச்செல்ல வேண்டும். கட்டியாக நின்றால் தின்னர் போதவில்லை. படலமே இல்லாமல் ஓடிவிட்டால் தின்னர் மிகுதி. இத்தனை பங்குக்கு இத்தனை பங்கு என்று எழுதிவைத்துக்கொண்டு அப்படியே பின்பற்றுவதைவிட இந்தச் சோதனை நம்பகமானது, ஏனென்றால் ஒரே நிறுவனத்தின் இரண்டு புட்டிகள்கூட ஒரே கெட்டியில் இருப்பதில்லை. மூடி பலமுறை திறந்த பழைய புட்டி இன்னும் கெட்டியாக இருக்கும்.

எந்தத் தின்னர் என்பது அதைவிட முக்கியம். கடையில் எல்லாப் புட்டியிலும் அக்ரிலிக் என்றுதான் எழுதியிருக்கும், உள்ளே இருக்கும் வேதியியல் வேறு வேறு. ஸ்பெயினின் வாலேஹோ போன்ற பெயின்ட்களில் பிசின் நுண்துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன, அதன்பின் தண்ணீரில் கரைவதில்லை. இதில் ஆல்கஹாலை ஊற்றினால் திரிந்து கட்டியாகும், அந்தக் கட்டி நேராக நாசிலுக்குள் போய் உட்காரும். ஜப்பானின் தமியா அக்ரிலிக்கோ ஆல்கஹாலோடு நன்றாகக் கலக்கும், அதே நிறுவனத்தின் தின்னரில் மிக மென்மையாகத் தூவும். லாக்கர் வகைகள் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கின்றன, காய்ந்த பின்னும் அதே கரைப்பானில் கரையும். கருவியைக் கழுவ இதைவிட வசதி கிடையாது, வாடையும் நஞ்சும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. தொடங்குபவர்கள் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயின்ட்டையும் அவர்களுடைய தின்னரையும் வாங்கி, அதிலேயே கை பழகுவது நல்லது.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஊசியின் கூர்முனை எப்போதும் காற்றோட்டத்தின் நடுவில் இருக்கிறது, ஆகவே அங்கே ஒட்டிய பெயின்ட் சில நிமிடங்களில் காய்ந்து சிறு மொட்டாகிவிடும். தூவல் மங்கும், ஒரு பக்கம் சாயும், விட்டுவிட்டு வரும். காது குடையும் பட்ஸைத் தின்னரில் நனைத்து முனையை மெல்லத் துடைத்தால் சரியாகும். பெயின்ட்டில் ஒரு சொட்டு உலர்வைத் தாமதிக்கும் திரவத்தைக் கலப்பவர்களும் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் முனையில் பெயின்ட் காய்வது ஐரோப்பியர்கள் எழுதியிருப்பதைவிட வேகமாக நடக்கும்.

அழுத்தத்துக்கு வருவோம். மாடல் வேலைக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ பெரும்பாலும் போதும், அதாவது கார் டயரில் இருப்பதைவிடக் குறைவு. மெல்லிய கோடுகளுக்கு இன்னும் குறைத்து, பெயின்ட்டை இன்னும் நீர்க்கவைத்து, முனையைப் பிளாஸ்டிக்குக்கு ஓரிரு சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோக வேண்டும். இந்த அளவு அழுத்தத்துக்குப் பெரிய கம்ப்ரஸர் தேவையில்லை, சீரான கம்ப்ரஸர் தேவை. சிறு தொட்டி இல்லாத கம்ப்ரஸரில் பிஸ்டனின் ஒவ்வோர் அடியும் தூவலில் துடிப்பாகத் தெரியக்கூடும். 3 லிட்டர் தொட்டியும், அழுத்தத்தைத் திருகி வைக்கும் ரெகுலேட்டரும், ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் சேர்ந்த சிறு வகையே ஒரு வீட்டுக்குப் போதும். சிலர் செலவைக் குறைக்க, அழுத்தி அடைத்த வாயுக் குப்பியில் தொடங்குகிறார்கள். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகும்போது குப்பி குளிர்ந்து அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். மூன்றில் ஒன்றான அழுத்தத்தைத் தானாக மாறவிட்டுப் பழகுவது கடினம் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரம் பிடிக்கும் வடிகட்டியைச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை விழுங்கினால், ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸர் 600 லிட்டரை உள்ளிழுக்கும். அதில் வரும் நீர் 14 கிராமுக்கு மேல். ஐந்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்ட காற்று மீண்டும் அறை வெப்பத்துக்கு வரும்போது அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. ஏறத்தாழ 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டித் தண்ணீர், தொட்டியிலும் குழாயிலும் சொட்டி நிற்கும். வழியில் பிடிக்காவிட்டால் அது பெயின்ட்டின் நடுவே துப்பப்படும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும், இல்லையேல் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் அடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள்: பூச்சு காயும்போது வெளேரென்று பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றின் ஈரம் அங்கே படிகிறது. மெதுவாக உலரும் தின்னர் ஓரளவு காப்பாற்றும். வெயில் வரும்வரை காத்திருப்பது அதைவிட நல்லது.

கழுவுவதைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் புதிதாக வாங்கிய பலர் இந்தக் கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவது இதனால்தான். ஒரு நிறம் அடிக்கக் கால் மணி நேரம் ஆகிறதென்றால், நிறம் மாற்றக் கழுவவும் இறுதியில் பிரித்துக் கழுவவும் அதற்கு நிகரான நேரம் போகும். நிறம் மாற்றும்போது கிண்ணத்தைத் துடைத்து, தின்னரை ஊற்றி, நிறமின்றி வரும்வரை தூவிவிட்டால் போதும். அன்றைய வேலை முடிந்தால் ஊசியை உருவித் துடைக்க வேண்டும். முனையைக் கையால் தொடாமல், பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் துணியில் இழுத்துத் துடைப்பது முறை. ஊசியின் கூர் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் தூவல் ஒரு பக்கம் ஓடும். நாசிலை இறுக்குவதில் நிதானம் வேண்டும். திருகு மரையுள்ள நாசில்களைச் சிறு சாவியால் மென்மையாகத் திருகி, நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். வலுவாக இறுக்கினால் மரை ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் தயாரிப்புகளில் நாசில் சாவியின்றிப் பொருந்துகிறது, அதனாலேயே அதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் உலர்ந்த அக்ரிலிக்கைக் கரைப்பதில் கெட்டி. ஆனால் உடல் பித்தளை என்பதால் அதில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. லாக்கர் தின்னர் பயன்படுத்துபவர்கள் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் அதைத் தாங்கும் வகையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிண்ணத்தில் குமிழ் வந்தால் காற்று தவறான வழியில் பெயின்ட்டுக்குள் நுழைகிறது என்று பொருள். நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது வெடித்திருக்கிறது, அல்லது முனை அடைத்திருக்கிறது. இந்த ஓர் அடையாளத்தைத் தெரிந்துவைத்திருந்தால் பல மணி நேரக் குழப்பம் மிச்சமாகும்.

மூச்சைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரையும் பெயின்ட்தானே என்று முகமூடி இல்லாமல் தூவுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. மாடலில் படியாத துளிகள் அறையில் மிதக்கின்றன, நிறமியும் பிசினுமாக நுரையீரலுக்குள் போகின்றன. கொரோனா காலத்து என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், லாக்கரின் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த குப்பிகள் மாட்டும் அரைமுக வகை வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி வைத்த சிறு பெட்டிக்குள் அடிப்பது வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நல்லது. கருவிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு முதலில் எடுத்து வையுங்கள்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு, மலிவான சீன வகையில் தொடங்கலாமா, ஜப்பானின் இவாட்டா எக்லிப்ஸ் போன்றதை நேராக வாங்கலாமா என்று முடிவில்லாத விவாதம் நடக்கிறது. மலிவான கருவியாலும் அழகாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புதியவருக்கு அதில் ஒரு தொல்லை இருக்கிறது. தூவல் கெட்டால் குறை தன் கையிலா, கலவையிலா, சரியாகக் கடையாத நாசிலிலா என்று அவருக்குத் தெரியாது. அதனால் நடுத்தர விலையில், மேலே கிண்ணம் வைத்த டபுள் ஆக்‌ஷன் கருவி ஒன்றை, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் துளை உள்ளதாக வாங்குவதே சரி என்பது என் கருத்து. 0.2 துளை கோட்டுக்கு அருமையானது, ஆனால் எடுத்ததற்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் அதன் நாசிலும் ஊசியும் தனியாக இங்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள். இரண்டும் தேயும் உறுப்புகள். அவை கிடைக்காத கருவி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் ஒருநாள் காட்சிப்பொருளாகிவிடும்.

பழகுவதற்குப் பிளாஸ்டிக் ஸ்பூன்கள் போதும். அவற்றின் வளைவு விமானத்தின் உடலைப்போலவே பெயின்ட்டை ஓடவிடும், பிடித்தும் வைக்கும். முதலில் புள்ளிகள், பிறகு கோடுகள், பிறகு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கோடுகள். கோடு தொடங்கும் முன்பே கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும், கோடு முடிந்த பிறகே நிற்க வேண்டும். நின்ற இடத்தில் விசையை இழுத்தால் அங்கே குளம் கட்டும். ஒரே தடவையில் நிறத்தை நிரப்பிவிடும் ஆசையை அடக்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தெரியத் தெரிய மூன்று நான்கு பூச்சாக ஏற்ற வேண்டும்.

பலரும் ஏர்பிரஷ் கைக்கு வந்த வாரமே இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109-ஐ எடுத்துவிடுகிறார்கள். அதன் பக்கவாட்டில் வெளிர்நீலத்தின்மேல் சாம்பல் நிறத் திட்டுகள் மங்கலாகச் சிதறிக் கிடக்கும். 1/72-இல் ஒவ்வொரு திட்டும் சில மில்லிமீட்டர்தான். மிக நீர்த்த பெயின்ட், மிகக் குறைந்த அழுத்தம், மயிரிழை அளவே நகரும் விரல் என்று மூன்றும் ஒன்றாகக் கூடிவர வேண்டிய வேலை அது. முதல் மாடலாக அமெரிக்க ஷெர்மன் டாங்கியை எடுங்கள், 1/35 அளவில். முழுக்க ஒரே ஆலிவ் பச்சை. முதலில் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சைக் கறுப்பில் அடித்து, மூலைகளிலும் இடுக்குகளிலும் அந்தக் கறுப்பை லேசாக விட்டுவைத்துப் பச்சையை ஏற்றினால், ஒரே நிறத்திலேயே நிழலும் வெளிச்சமும் வந்துவிடும். மேல்பரப்புகளில் மட்டும் அந்தப் பச்சையோடு சிறிது மஞ்சள் கலந்து இன்னொரு மெல்லிய பூச்சு போடலாம். எங்காவது தெறித்தாலும் உண்மை டாங்கியில் சேறு படிந்த இடமாக அதை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. மெஸ்ஸர்ஷ்மிட்டை அதற்குப் பிறகு, வீணானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய ஒரு பழைய இறக்கையில் திட்டுகளை அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.